மேனேஜர் விட்ட மூச்சு

விலங்கு மருத்துவமனையின் மூன்றாவது கிளை மறுநாள் காலையில் திறப்பதாக இருந்தது. அதை நடத்தப்போகிற டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய அண்ணி. கூடப் பிறந்த அண்ணனைவிட இவளிடம்தான் டாக்டருக்கு ஒட்டுதல் அதிகம்.

தலைமை மருத்துவமனையின் சர்வரை அப்படியே நகலெடுத்துப் புதுக் கிளையின் மெஷினில் ஏற்ற வேண்டும். இரண்டாவது கிளையில் ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு நாய்க்கு ஊசி போட்டுப் பதிந்தால் அந்த மாற்றம் லாக் என்கிற பதிவேட்டில் விழும். அங்கிருக்கும் சர்வர் லாக்கைப் படித்துத் தன்னிடமும் எழுதிக்கொள்ளும். அங்கே பதிந்தால் இங்கேயும் அப்படித்தான். மூன்றாவதையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு அண்ணி நகலெடுக்க ஆரம்பித்தாள். நாளை மறுநாள்தான் முடியும் என்றது திரை. அது போதாதென்று, புது மெஷினில் இடம் பத்தாது என்றும் சொன்னது.

உள்ளே போய்ப் பார்த்தாள். நாய், பூனை, முயல் எல்லாவற்றின் விவரமும் சேர்ந்து ஒரு பொட்டலம் அளவு. லாக் மட்டும் யானை. அதை அழிக்கவும் முடியவில்லை. இரண்டாவது சர்வர் படிக்க முடியாமல் எங்கேயோ பின்தங்கிக் கிடந்தது. அது படிக்காததை அழித்துவிட்டால், பிறகு இரண்டு சர்வரும் ஆளுக்கொரு கதை சொல்லும்.

டாக்டர் எட்டிப் பார்த்து, ஆச்சா என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனது. அண்ணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு லாக்கைத் திறந்தாள். கடைசிப் பகுதியில் வரிக்கு வரி ஒரே நாயின் பெயர். கடைசியாக வந்துபோன அந்த நாயின் பக்கத்தை யாரும் மூடவில்லை. நாற்பது கிலோ நாய்.

"நாலு கிலோ இருநூறு. நாலு கிலோ இருநூத்திப் பத்து. மறுபடி நாலு இருநூறு," என்று படித்தாள் அண்ணி. "இது எதுக்கு இப்படி ஏறி ஏறி இறங்குது?"

டாக்டர் திரையையே பார்த்தாள். "மூச்சு விடுது அண்ணி. உயிருள்ளது ஏதோ எடை மெஷின் மேல உக்காந்திருக்கு."

"இன்னிக்கு லீவாச்சே. உள்ள யாரு இருக்கா?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நொடி இருவரும் ஓடினார்கள்.

எடை மெஷின் மேல் மேனேஜர் சுருண்டு படுத்திருந்தது. யாரோ விட்டுப்போன ஆரஞ்சுப் பூனை அது. எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் தூங்குவதால் அந்தப் பெயர். மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்த நாளிலிருந்து, அது இழுத்துவிட்ட மூச்சையெல்லாம் சர்வர் பயபக்தியோடு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் பூனையைத் தூக்கினாள். திரையில் எடை பூஜ்யம். அண்ணிக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூனையோடு டாக்டரும் பக்கத்தில் சரிந்தாள். வயிறு வலிக்கும்வரை இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் கொட்டாவி விட்டதும் சிரிப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

புதிதாக எதுவும் வந்து விழாததால் இரண்டாவது சர்வர் விறுவிறுவென்று படித்துக்கொண்டு வந்தது. முழுதும் படித்துவிட்டதாகக் காட்டியபோது டாக்டர், "இன்னொரு தடவை பாத்துடுங்க அண்ணி," என்றாள். அண்ணி இரண்டு சர்வர்களின் கடைசி வரியையும் ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய லாக்குகளை அழித்தாள். யானை எலியாகிவிட்டது. மறுபடி நகலெடுக்கச் சொன்னபோது, டாக்டர் போட்டுக் கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பட்டனை அழுத்தினால் மட்டுமே எடை பதிவாகும்படியும் அண்ணி மாற்றிவைத்தாள்.

புதுக் கிளையின் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள். சிக்னலில் இருவருக்கும் மறுபடி சிரிப்பு பீறிட்டது. பக்கத்து பைக்கில் இருந்தவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் புதுக் கிளைக்கு முதலில் வந்தது ஓர் ஆமை. அதைக் கொண்டுவந்த பெரியவரிடம் வயது என்ன என்று டாக்டர் கேட்டாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க வீட்ல இருக்கு," என்றார் அவர். டாக்டர் அதை அப்படியே தட்டினாள். அண்ணி தன் லேப்டாப்பில் பார்த்தாள். ஒரு கண்ணிமைப்பில் மற்ற இரண்டு சர்வர்களிலும் ஆமை வந்து நின்றது. அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அதுவரை உம்மென்று இருந்த டாக்டர் பொத்துக்கொண்டு சிரித்தாள்.

"என் ஆமையைப் பாத்தா சிரிப்பா இருக்காம்மா?"

"இல்லங்க," என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்களுக்கு நேத்திலேருந்தே இப்படித்தான்."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்ன விஷயமென்றே தெரியாமல் அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.