கறுத்த திரையும் நாற்பத்தொரு திருத்தமும்

கம்ப்யூட்டர் திரை செத்துக் கிடக்க, பதினெட்டுப் பக்க வாக்குமூலத்தில் நாற்பத்தொரு திருத்தங்களை, ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் போட்டு முடித்தார் டைப்பிஸ்ட் அம்மா. நம்ப வேண்டாம். அந்த வக்கீல் ஆபீஸிலேயே யாரும் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர்காரர்கூட.

ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவரை ஆபீஸ்தான் திரும்பக் கூப்பிட்டது. வந்தார், விரல்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் கன்ட்ரோலோடு எஸ் தட்டினால் கோப்பு சேமிக்கப்படும். அவருக்கோ கர்சர் ஓரெழுத்து இடப்பக்கம் நகர வேண்டும். டி வலம், இ மேலே, எக்ஸ் கீழே, ஒய் தட்டினால் ஒரு வரி முழுசாகக் காலி. மவுஸ் என்ற ஜந்து மேசைக்கு வருமுன்பே விரல்கள் படித்த பாடம். புது எடிட்டரின் செட்டிங்ஸுக்குள் புகுந்து அத்தனை விசைகளையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். கம்ப்யூட்டர்காரர் திங்கள்தோறும் வந்து அழிப்பார். செவ்வாய்க்குள் எல்லாம் மறுபடி முளைத்திருக்கும்.

அன்று கம்ப்யூட்டர்காரர் உத்தரவோடு வந்தார். "இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா. மாட்டேன்னா இந்த சீட்ல வேற ஆள் போடச் சொல்லிட்டாரு பெரிய வக்கீல்."

"அப்ப அவரை என் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுங்க தம்பி."

"முப்பது நாள்ல பழகிடும்மா."

"முப்பது நாள்ல உங்க பேரை மறந்துடுவீங்களா?"

கம்ப்யூட்டர்காரர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்த இழுப்பில் வயர் மாட்டி, திரை குப்புற விழுந்து உயிரை விட்டது. மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு வாக்குமூலம் கோர்ட்டில் இருக்க வேண்டும். கோப்போ இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள். மற்ற மேசைகளில் இருப்பதெல்லாம் லேப்டாப். கழற்றித் தரத் திரை கிடையாது. கம்ப்யூட்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நகருங்க," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

பெரிய வக்கீல் பென்சிலால் திருத்தியிருந்த தாள்களை அம்மா எதிரே சாய்த்து வைத்தார். தேடு, நில், அழி, அடி. வாய் சொல்லை முணுமுணுக்கும், விரல் அங்கே போய் நிற்கும். திரை உயிரோடிருந்த காலத்திலும் அவர் அதைப் பார்த்ததில்லை என்பது கம்ப்யூட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்த வரியில நிக்கிறீங்கன்னு எப்படிம்மா தெரியும்?"

"வீட்ல கரண்ட் போனா, பாத்ரூமுக்கு வழி கேட்டுக்கிட்டா போவீங்க?"

பிரிண்டர் பதினெட்டுத் தாள்களைத் துப்பியது. கம்ப்யூட்டர்காரர் அவற்றைப் பென்சில் பிரதியோடு வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மா காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

தாள்கள் கோர்ட்டுக்குக் கிளம்பின. விழுந்த திரைக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. "வேலை எவ்வளவு நேரம் தடைப்பட்டது?" என்ற கட்டத்துக்கு மேல் கம்ப்யூட்டர்காரரின் பேனா வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. இன்னொரு கையால் விசைப்பலகையை மெல்ல அம்மாவின் பக்கமே தள்ளிவைத்தார். பிறகு எழுதினார்: "தடைப்படவில்லை. திரை இல்லாமலே முடித்தார். நான் பார்த்தேன்."