தள்ளிவைத்த பதினொரு புள்ளிகள்

வுகன் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் கட்டுரையை மறுபடி புரட்டினான்.

"என் பேரு எங்க, விஷ்னியா? வானம் பார்த்து அளந்தவங்க பட்டியல்ல துருக்கிக்காரன் இருக்கான், ஸ்பெயின்காரி இருக்கா. உன் புருஷன் மட்டும் இல்ல."

"நீ அளந்த பதினொரு புள்ளியையும் நீக்கிட்டேன். எல்லாம் ஒரே பக்கமா விலகி நிக்குது. மலைமேல நீ வச்சிருந்த கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்."

விஷ்னியா பெல்கிரேடில் சிறுகோள்களுக்கு எடை கணக்கிடுபவள். பெரிய சிறுகோள் ஒன்றை ஒரு சின்னது நெருங்கிக் கடந்தால், சின்னதன் பாதை மயிரிழை வளையும். அந்த வளைவிலிருந்து பெரியதன் எடை தெரியும். ஜனவரியில் அப்படி ஒரு சந்திப்பு. பிறகு மார்ச் வரை தெற்கு மலைமேல் தொலைநோக்கியோடு இருந்து வுகன் அந்தச் சின்னதைப் பின்தொடர்ந்து, அது நின்ற இடங்களைப் புள்ளிகளாகக் குறித்தான். மேகம் விலகிய முதல் இரவு, வுகனின் அம்மா வீட்டில் குலப்புனிதர் திருநாள். திருநாள் ரொட்டியை வெட்ட ஒரே மகன் வரவில்லை. அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை.

"கடிகாரத்தைச் சரிபார்த்தேன்னு குறிப்புல எழுதியிருந்தேனே, படிச்சியா?"

அவள் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஸ்பெயின்காரி அனுப்பியிருந்தா மூணு தடவை பார்த்திருப்ப."

"பார்த்திருப்பேன்" என்றாள் மெல்ல. "புருஷனுக்குச் சலுகை காட்டறாள்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு..."

"அதுக்காக அநியாயம் பண்ணுவியா?"

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கட்டுரையை ஐந்து மணிக்குள் இதழுக்கு அனுப்ப வேண்டும். விஷ்னியா பதினொரு புள்ளிகளையும் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாள். கடிகாரக் கோளாறு என்றால் விலகல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும். இது திருநாளன்று மிகச் சிறிதாகத் தொடங்கி, மார்ச் வரை சீராக வளர்ந்திருந்தது. அவள் தூக்கி எறிந்தது பிழையை அல்ல, தேடிக்கொண்டிருந்த வளைவையே.

புள்ளிகளைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டாள். எடைக் கணக்கின் பிழை வரம்பு பாதியாகக் குறைந்தது. கட்டுரையை அனுப்பியதும் மாமியாருக்குத் தொலைபேசினாள்.

"அத்தை, திருநாளன்னிக்கு அவர் வராம இருந்ததாலதான் ஒரு பெரிய கல்லோட எடை தெரிஞ்சிருக்கு."

"எவ்வளவாம்?"

"டன் கணக்குல, ஒண்ணுக்குப் பின்னாடி பதினாறு சைபர்."

"அவ்வளவைத் தூக்கினவனுக்கு ஒரு ரொட்டி வெட்ட முடியலையாக்கும்!" பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அவனுக்கு முட்டைக்கோஸ் சுருள் பண்ணி வைக்கிறேன்."

வுகன் முற்றத்து லிண்டன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் அமர்ந்தாள்.

"தப்பு என்னோடது. உன் பேரைப் பட்டியல்ல முதல் வரியில போட்டுட்டேன். அம்மா ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"அம்மாவா?"

"ம்."

அவன் அவள் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்துக்கொண்டான். "முதல் வரியிலயா? பட்டியல் அகர வரிசைதானே? இப்ப இது சலுகை இல்லையா?"