அசல்தான் பிளக்கும்

பழம்பொருள் வியாபாரி "தேறாது" என்று சொன்னதும், ஓய்வு பெற்ற டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மரச்சட்டம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பதில் மட்டும்தான் தெருவில் கருத்து வேறுபாடு உண்டு. பிளந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டீச்சர் பிளவைப் பார்த்தார், பிறகு வியாபாரியைப் பார்த்தார். "காலையில நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க," என்று அனுதாபப்பட்ட வியாபாரி, அறுபது வருடம் நிற்காமல் ஓடிய கடிகாரத்தை ஒரு மாத மின்கட்டணத்துக்கு வாங்கி, பழைய போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். கடையில் அதை மாட்டி, முதலில் வந்த வாடிக்கையாளரிடம் "இந்த மாதிரி மரம் இனிமே எங்க சார் கிடைக்கும்?" என்று சொன்னபோது, பிளவு கீழிருந்து மேலாக மூடிக்கொண்டது. தழும்புகூட இல்லை.

வாயில் அப்படி ஒரு வசதி இருந்தும் அவர் வேலையில் சோம்பேறி அல்ல. முதலில் முறைப்படி மதிப்பிடுவார். மேசை என்றால் மேல்பலகையைப் பார்க்க மாட்டார். தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தை நகத்தால் தடவுவார், கையால் இழைத்த மரமென்றால் மேடுபள்ளம் தெரியும். டிராயரை வெளியே உருவி உள்ளே மோந்து பார்ப்பார். ஸ்க்ரூவின் தலைக்கோடு நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால், மிஷின் வருமுன் கையால் அறுத்த ஸ்க்ரூ என்று மனசுக்குள் விலையை இரட்டிப்பார், முகத்தில் காட்ட மாட்டார். எல்லாவற்றையும்விடத் தேய்மானத்தைத்தான் நம்புவார். உண்மையிலேயே ஆள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் ஒரு கைப்பிடி மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் போட்டு எவனோ செய்த வேலை. அதற்கும் மேல் சந்தேகம் மிச்சமிருந்தால் கடைசியாக அந்தச் சொல்லைச் சொல்வார். அசல்தான் பிளக்கும். போலியிடம் நூறு தடவை சொன்னாலும் அது பளபளவென்று நிற்கும், அதற்கு ரோஷம் கிடையாது. ஆக, ஒரே சொல்லில் சோதனையும் முடிந்தது, பேரமும் முடிந்தது. ஊரில் அவருக்கு "தேறாது" என்றே பெயர் விழுந்தது. அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

கல்யாணமான எட்டாம் நாள், மனைவி பரிமாறிய சாப்பாட்டைப் பற்றி அதே சொல்லை அதே குரலில் சொன்னார். அவளுடைய இடது தோளிலிருந்து முழங்கைவரை மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. ரத்தம் வரவில்லை, மரத்தூள் போல ஏதோ தட்டில் உதிர்ந்தது. அவள் பயந்துபோய்க் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரிஜினல்! உங்க அப்பா என்னை ஏமாத்தலை," என்றார். அன்றிலிருந்து, பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பவரைப் போல, நாளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் துவைத்த சட்டை தேறாது, சிரித்தால் சிரிப்பு தேறாது, காய்ச்சலில் படுத்தால் படுத்த விதம் தேறாது. பதினொரு வருடத்தில் விரிசல் முதுகைச் சுற்றி, விலா வழியாக ஏறி, கழுத்தெலும்பில் வந்து நின்றது. அவள் ஒருக்களித்துப் படுப்பதை விட்டாள். வாளியில் பாதித் தண்ணீர்தான் பிடித்தாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்துக்குச் சொன்ன நல்ல வார்த்தையில் ஒன்றைத் தனக்கும் சொல்லும்படி கேட்டும் பார்த்தாள். "அதெல்லாம் வாங்க வர்றவங்ககிட்ட சொல்றது. வீட்டுல கிடக்கிறதுக்கு எதுக்கு?" என்றார் அவர். கடைக்குப் பழுது பார்த்துக் கொடுக்கும் தச்சர் ஒருநாள் அவளைக் கவனித்துவிட்டு, கழுத்தைத் தாண்டினால் எந்தப் பசையும் பிடிக்காது என்று சொல்லிப் போனார். அன்று மத்தியானமே அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. குலுங்காத வண்டியா கொண்டா."

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேனை வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, உள்ளே இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களில் தலையணை செருகினார். கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜுக்கு என்னவெல்லாம் செய்வாரோ அதையெல்லாம் செய்தார். அவள் பெட்டியோடு கூடத்தில் தயாராக நின்றாள். வியாபாரியின் வீட்டிலிருந்து அதுவரை எந்தப் பொருளும் விலை ஏறாமல் வெளியே போனதில்லை. வேனையும் மெத்தையையும் கயிற்றையும் பார்த்ததும் அவர் வாய் தானாகவே திறந்துகொண்டது என்றுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்; திட்டம் போட்டுச் செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை.

"மச்சான், எதைத் தூக்கிட்டுப் போறீங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. இந்தக் கை இருக்கே, பதினொரு வருஷத்துல ஒரு டம்ளர் உடைச்சதில்ல. இந்தப் பொறுமை இனிமே எங்க கிடைக்கும்? ஒரு நாள் குரலை உசத்திப் பேசியிருப்பாளா?" முழங்கையிலிருந்து தோள்வரை விரிசல் மூடிக்கொண்டது. அவர் சமையலைச் சொன்னபோது விலா கூடியது, சிரிப்பைச் சொன்னபோது முதுகு கூடியது.

"அண்ணா, அவர் வாயை மூடச் சொல்லு! இல்லைன்னா இப்பவே என்னை ஏத்து!" என்று அவள் கத்தினாள். பதினொரு வருடமாக அவள் கேட்டும் கிடைக்காத வார்த்தைகள்தான். ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

அண்ணன் அவள் கழுத்தையும் கையையும் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா விரிசல்?"

"நேத்துகூட இருந்துச்சுண்ணா. சத்தியமா."

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க," என்றார் அண்ணன் சலிப்போடு. "நான் போய் நின்னா எல்லா ஃப்ரிட்ஜும் ஓடுது. ஓடுற மிஷினை நான் கழட்டறதில்ல. மாப்பிள்ளையும் உன்னைத் தலையில தூக்கி வச்சுத்தானே பேசறாரு?" மெத்தைகளைச் சுருட்டிக் கட்டினார். வந்ததற்கு அடையாளமாக ஒரு தலையணையை மட்டும் தங்கைக்கு வைத்துவிட்டுப் போனார்.

வேன் சத்தம் அடங்கியதும் வியாபாரி கதவைச் சாத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேறாது" என்றார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை சொன்னார். பக்கத்து வீட்டில் கேட்கும்படி சொன்னார். அவள் பளபளவென்று நின்றாள். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். காய் நறுக்கி நறுக்கி வலது கட்டைவிரலில் மட்டும் விழுந்திருந்த தழும்புக் கோடுகளைக் காணவில்லை. இரண்டு கட்டைவிரலும் ஒரே அளவாக மழுங்கியிருந்தன. இரண்டு குதிகாலும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. தலைமுடியில் புது வார்னிஷ் வாசனை அடித்தது. அசல் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. எப்போது, எப்படி என்று யாரும் பார்க்கவில்லை. வேனில் மெத்தைகள் மட்டுமே இருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். தன் வீட்டிலேயே போலி மாறிக் கிடக்கிறது என்று ஒரு பழம்பொருள் வியாபாரி வெளியே சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை.

போலிகளுக்குப் பளபளப்பு அதிகம் என்பதால் அவற்றை வியாபாரிகள் கடை முகப்பில் வைப்பது வழக்கம். மறு வாரத்திலிருந்து அவள் முகப்பில் உட்கார்ந்தாள். வியாபாரம் கூடியது. டீச்சர் தன் கடிகாரம் மணி அடிப்பதைக் கேட்க இன்றும் பதினொரு மணிக்கு வந்து வாசலில் நிற்கிறார். ஒருநாள் அவளைப் பார்த்து, "முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கேம்மா," என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க டீச்சர்," என்று அவள் சிரித்தாள்.