ஷிஹோவின் இரண்டாவது முகம்

1979ஆம் ஆண்டு நவம்பர் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பது முதல் திங்கட்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பது வரை, மொத்தம் தொண்ணூற்று நான்கு மணி நேரம், தோக்கியோ நெரிமாவில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தெருவில் இருநூற்றுப் பதினாறு பேர் ஒரே முகபாவத்துடன் இருந்தார்கள். புருவங்கள் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தன. வாய் மூன்றில் ஒரு பங்கு திறந்திருந்தது. எதிரே இருந்தது எதுவானாலும் கண்கள் அதை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தன. பேசும்போதும் சாப்பிடும்போதும் வாய் வழக்கம்போல் அசைந்தது; வேலை முடிந்ததும் பழைய மூன்றில் ஒரு பங்குக்குத் திரும்பியது. தூக்கத்திலும் புருவம் இறங்கவில்லை. அந்த நான்கு நாட்களில் முள்ளங்கி விலை ஏறவில்லை, இறங்கவுமில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். டோஃபு கடை மாடியில் வாடகைக்கு இருந்த நெஸு கினு ஒரு முகத்தை வரைந்துவிட்டு அடுத்த முகத்தை வரையாமல் இருந்தார். கினு தொலைக்காட்சி கார்ட்டூன் தொடர்களுக்கு முதன்மைப் படங்கள் வரைபவர். ஒரு பாத்திரம் சிரிக்கத் தொடங்கும் முகத்தையும் சிரித்து முடிக்கும் முகத்தையும் அவர் வரைவார். நடுவில் வரும் முகங்களை ஸ்டூடியோவில் வேறு ஆட்கள் வரைந்து நிரப்புவார்கள். 1963 முதல் அவர் எந்த முகத்தை வரைந்தாலும் அது தெருவில் இருப்பவர்களுக்கு வந்துவிடும். ஷாட்டின் கடைசி முகத்தையும் வரைந்து காகிதங்களை உறையில் போட்டதும் போய்விடும். குடியிருப்போர் சங்கத் தலைவர் ததோகோரோ ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு கோடை முழுவதும் அளவு நாடாவுடன் நடந்து, எல்லை நூற்று நாற்பது மீட்டர் என்று கண்டுபிடித்தார். தெற்கே மேடு ஏறுவதால் அங்கே மட்டும் பத்து மீட்டர் குறைவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எதுவும் ஆவதில்லை. நாய்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தத் தொழிலில் மேசைமேல் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வார்கள். வரைய வேண்டிய முகத்தைத் தாங்களே காட்டிப் பார்த்து வரைவார்கள். கினுவிடம் கண்ணாடி இல்லை. அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். தபால்காரரின் கோபத்தில் பயம் கலந்திருந்தால் ரப்பரை எடுத்து ஒரு புருவத்தை அழிப்பார். தபால்காரர் நின்று, புருவம் திரும்ப வரும்வரை காத்திருந்து, பிறகு போவார்.

வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கை அட்டையில், குப்பை எடுக்கும் நாட்களுக்குக் கீழே, ததோகோரோ கினுவின் வேலைத் திட்டத்தையும் எழுதிவந்தார். செவ்வாய் பத்து முதல் பன்னிரண்டு வரை சிரிப்பு. புதன் பிற்பகல் அழுகை, விருந்தினரை எதிர்பார்ப்பவர்கள் கவனிக்கவும். மக்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். நினைவு நாள் சடங்குகளை அழுகைக்கு மாற்றிவைத்தார்கள். பல் மருத்துவர் சிரிப்பு நேரத்தில் அதிகம் பேரைப் பார்த்தார். வட்டார அலுவலகத்துக்காரர்களைக் கோபத்தின்போது தெருவுக்கு வரவழைத்தார்கள். 1971இல் சாக்கடை மூடப்பட்டது அப்படித்தான். கினு 1962இல் ஒரு பெட்டியுடன் வந்தவர். வடக்கே கடலோரத்தில் எங்கிருந்தோ வந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. அதற்கு முன்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1979இல் அவர் வேலை செய்த தொடரில் ஷிஹோ என்று ஓர் எட்டு வயதுச் சிறுமி. கலங்கரை விளக்கக்காரரின் மகள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அம்மா படகேறிப் போய்விடுகிறாள். ஐம்பத்திரண்டு வாரங்களாக ஷிஹோ அதைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறாள். கடைசிப் பகுதியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஷிஹோ திறக்கிறாள். அம்மா நிற்கிறாள். அது நூற்று எழுபத்தோராவது ஷாட், நான்கு விநாடி, ஷிஹோவின் முகம் மட்டும். காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டில் அந்தக் கட்டத்துக்குள் டைரக்டர் எதுவும் வரையவில்லை. "ஆச்சரியம். அப்புறம் நெஸு பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருந்தார். கினு அவரிடம் தொலைபேசியில் இந்த ஒரு ஷாட்டை வேறு யாரிடமாவது கொடுக்கும்படி கேட்டார். பதினேழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. டைரக்டர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

ஆச்சரியம் எளிதாக வந்தது. வியாழன் மூன்று நாற்பதுக்கு வரைந்து முடித்தார். இரண்டாவது முகத்துக்கு வெள்ளைக் காகிதத்தைக் கண்ணாடிப் பலகை பதித்த மேசையில் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, பென்சிலைச் சீவி, அப்படியே உட்கார்ந்தார்.

மற்ற நாட்களில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் முகம் உதிர்ந்துவிடும். இந்த முறை உதிரவில்லை. முடிவு இல்லாத முகம் என்பதால் இருக்கலாம். இக்கெபுக்குரோவுக்கு வேலைக்குப் போனவர்கள் அதையே அணிந்துகொண்டு போனார்கள். வங்கியில் இருந்த ஒருவருக்கு, சொல்வதை நன்றாகக் கவனிக்கிறார் என்று பாராட்டு கிடைத்தது. வெள்ளி காலை ததோகோரோ டோஃபு கடைக்கு வந்து, மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தார்.

"ஓவியரம்மா, அவசரப்படுத்தல. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சா நல்லாருக்கும். எம் பேத்திக்கு மூணு வயசு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி போட்டோ எடுக்கணும்."

கடைக்காரி ஹொகாரி ஷிகே தொட்டியிலிருந்து டோஃபுவை எடுத்துக்கொண்டே, "தலைவரே, உங்க முகத்துக்கு இப்பத்தான் கொஞ்சம் களை வந்திருக்கு. போட்டோவ இன்னிக்கே எடுத்துடுங்க" என்றார்.

"நீ பேசுவ. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

ஷிகேயின் கணவர் சோயாபீன்ஸ் அரைத்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா நான் என்ன சொன்னாலும் இவ அசரமாட்டா. இப்போ உப்பு எங்கேன்னு கேட்டாக்கூட ஆச்சரியமாப் பாக்குறா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

இரண்டாவது முகம் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. கேட்டுக்கு அருகில் இருந்தவர்கள் அழுகை என்றார்கள். ஆறு வருடம் காத்திருந்த பிள்ளை வேறு என்ன செய்யும். பொதுக் குளியலறைப் பக்கம் இருந்தவர்கள் சிரிப்பு என்றார்கள். ஞாயிறு மாலை குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி. குளியலறை வாசலில் கையெழுத்து வாங்கினார்கள். சிரிப்புக்கு எண்பத்தெட்டு, அழுகைக்கு எண்பத்தொன்பது. ஐம்பத்தோராவது மணியில் எல்லோருடைய உதட்டோரமும் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தது. மக்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பதினைந்து நிமிடம் கழித்து அது இறங்கிவிட்டது. ரப்பர் என்று புரிந்துகொண்டு உள்ளே போனார்கள். ஞாயிறு காலை, மூன்று ஐந்து ஏழு வயதுப் பிள்ளைகளை நவம்பரில் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வழக்கப்படி, கோயில் வாசலில் குழந்தைகளும் பெற்றோரும் வரிசையாக நிற்கும்போது கண்களில் நீர் கட்டியது, வழியவில்லை, வற்றியது. எங்கள் தெருக் குழந்தைகளின் அந்த வருடத்துப் படங்களில் பதினொரு பிள்ளைகள் கிமோனோ அணிந்து, நீண்ட மிட்டாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைக் கண்டு திகைத்து நிற்கிறார்கள்.

ஸ்டூடியோவிலிருந்து படங்களை வாங்கிப் போகும் இனுயி சனிக்கிழமையே வந்துவிட்டார். முப்பத்திரண்டு வயது, ஸ்கூட்டர், ஹெல்மெட்டுக்குள் அதே முகம். வெறுங்கையோடு திரும்பி வரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. டோஃபு கடையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மூன்று நாள் சோயா பால் குடித்தார். அந்த ஷாட்டைத் தவிர எல்லாம் தயார். திங்கள் மாலைக்குள் போய்ச் சேராவிட்டால், கதவு திறந்ததும் கடலைக் காட்டிக் கதையை முடித்துவிடுவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டு வாரம் வளர்த்த பிள்ளைக்குக் கடைசியில் முகமே இருக்காது. இனுயி இதை மாடிக்குப் போய்ச் சொன்னபோது கினு தலையாட்டினார். "அப்படி விட மாட்டேன்" என்றார். பிறகும் வரையவில்லை.

திங்கள் மதியம் ஷிகே ஒரு தட்டில் பொரித்த டோஃபுவும் சோறும் எடுத்துக்கொண்டு மேலே போனார். கினு நான்கு நாட்களில் மெலிந்திருந்தார். காகிதம் வெள்ளையாக இருந்தது.

"கினு, அழுகையோ சிரிப்போ, ஏதாச்சும் ஒண்ணைப் போட்டுத் தொலையேன். நூறு முகம் வரைஞ்சவ நீ."

"ரெண்டுமே பொய்க்கா."

"கார்ட்டூன்தானே."

"தெருவுல இருக்குறவங்க முகத்துல வருது. பொய்ன்னு எனக்கு ஜன்னல்லயே தெரியுது."

"அப்போ எது நெசமோ அதைப் போடு. தெருவுல எவன் உன்ன என்ன சொல்லிடுவான்?"

கினு கொஞ்சம் சோறு சாப்பிட்டார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு ஏழு நிமிடத்தில் வரைந்தார்.

ஒன்று நாற்பதுக்குத் தெருவில் புருவங்கள் இறங்கின. வாய் மூடியது. உதட்டோரம் அளவாக உயர்ந்தது, தலை ஒரு பக்கம் சிறிது சாய்ந்தது. அது பத்திரிகைச் சந்தா கேட்டு வருபவரிடம் காட்டுகிற முகம். அதில் கோபம் இல்லை, பரிச்சயமும் இல்லை. ஷிகே கீழே இறங்கி வந்தபோது கணவர் அவரைப் பார்த்துப் பணிவாகக் குனிந்தார். ஷிகேயும் குனிந்தார். ததோகோரோ தன் வீட்டு வாசலில் மனைவியிடம், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்கும் பாவனையில் நின்றார். மனைவியும் அப்படியே நின்றார். குழந்தைகள் தாயின் கையை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள். யாரும் யாரையும் தவறாக நடத்தவில்லை. படம் உறைக்குள் போகும்வரையான அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் இருந்தவற்றிலேயே நீளமானது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அந்த ஷாட் அப்படியே ஒளிபரப்பானது. ஸ்டூடியோவுக்கு நானூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை கண்டித்தன, சில நன்றி கூறின, ஒன்றில் முகவரி மட்டும் இருந்தது. கினு அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் அதே ஜன்னலோரம் வரைந்தார். சுற்றறிக்கையும் சுற்றியது. ததோகோரோ இறந்த அன்று திட்டப்படி கிண்டல் சிரிப்பு இருந்தது. அவர் மனைவி, மாற்ற வேண்டாம், அவர் போட்ட அட்டவணை என்று சொல்லிவிட்டார். புதிதாகக் குடிவருபவர்களிடம் வீட்டுக்காரர்கள் குப்பை நாட்களைச் சொல்வதோடு இதையும் சொன்னார்கள். ஒருவரும் அதற்காக வீட்டை வேண்டாம் என்றதில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை, ஒன்று நாற்பத்தைந்துக்கு, படம் இன்னும் உறைக்குள் போகவில்லை. இனுயி மேலே வந்து பார்த்தார். அவர் முகத்திலும் அந்தப் பணிவுதான் இருந்தது. கீழே போய் டோஃபு கடைத் தொலைபேசியில் டைரக்டரிடம் விவரித்தார். திரும்பி வந்தார். ஷிகே பின்னாலேயே வந்தார்.

"அழுகை வேணுமாம். அரை மணி நேரம் தர்றாராம். அக்கா, ஒரு கோடு, கண்ணுக்குக் கீழ ஒரே ஒரு கோடு போட்டுக் குடுங்க, நான் போறேன்."

"இதுதான் முகம்."

"அம்மா வந்து நிக்குறா. ஆறு வருஷம். எந்தப் பிள்ளையாவது அம்மாவ இப்படிப் பாக்குமா? நான் என்னன்னு போயி சொல்றது? தப்பா வரைஞ்சிட்டாங்க, திருத்தவும் மாட்டேங்குறாங்கன்னா?"

"தப்பு இல்ல."

"அதுக்குக் காரணம் கேப்பாரே."

கினு ஜன்னலைப் பார்த்தார். தெருவில் தபால்காரர் ஒரு வீட்டின் முன்னால் நின்றிருந்தார். வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் கினு அவர்களையே பார்த்தார். பிறகு கினு இரண்டு காகிதங்களையும் அடுக்கி, முனைகளைத் தட்டி, மூலையில் எண் போட்டார். பேசும்போது இனுயியைப் பார்க்காமல் ஷிகேயிடம் சொன்னார்.

"நான் இங்க வந்து ரெண்டு வருஷத்துல ஒரு தடவ ஊருக்குத் திரும்பிப் போனேன்க்கா. எம் பொண்ணுதான் கதவத் திறந்தா. ஆறு வயசு. நல்லா வளர்த்திருந்தாங்க, ரொம்ப மரியாதையாப் பேசுனா. 'அம்மா வெளிய போயிருக்காங்க, யாரு வந்தாங்கன்னு சொல்லணும்?'னு கேட்டா."