பெல்ட்டுக்கு இன்னொரு கை

சாமுவேல்ராஜின் மனைவி சபிதா இறந்து அன்றோடு ஒரு வருஷம். அவளை அடக்கம் செய்த நாகலாபுரத்துக் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கரிசல். வெயிலில் வெடித்து, மழையில் ஊறி, நட்டிருந்த மரச்சிலுவையைச் சாய்த்துவிட்டது. அதனால் பெயர் வெட்டிய கருங்கல் ஒன்றை சாமுவேல்ராஜ் முந்தின நாளே கார் டிக்கியில் ஏற்றிவிட்டார். பொழுது சாய்வதற்குள் கல்லை நட்டு ஜெபம் பண்ண அங்கே போதகர் காத்திருப்பார். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற கனமா அது?

காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் பெல்ட் நெடுக வெடிப்பு. பாதிவழியில் அறுந்துவிடும். நல்லவேளையாகப் புது பெல்ட் வாங்கி வைத்திருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு. அவரே இறங்கினார்.

கழற்றியது சுலபம். மாட்டுவதுதான் பெரும்பாடு. பெல்ட்டை இறுக்கும் சின்னச் சக்கரத்துக்கு முரட்டு ஸ்பிரிங். நீள ஸ்பேனரைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அசைந்தது. அழுத்திக்கொண்டே பெல்ட்டை ஏற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அக்கம்பக்கத்தைக் கூப்பிட வாய் வரவில்லை. சபிதா போன புதிதில் ஆளாளுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். ஒன்றும் வேண்டாமென்று கதவைச் சாத்தியவர் அவர்தான். ஒவ்வொருவராக வருவது நின்றுபோனது. சோற்றுக்குத் திறக்காத வாய் ஸ்பேனருக்குத் திறக்குமா?

உச்சிவெயில் தாண்டியது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "ஆண்டவரே, ஒரு கை தாரும்" என்று பானெட்டுக்குள்ளேயே முனகினார்.

"என்ன அண்ணாச்சி, காருக்குப் பேன் பாக்குதீங்களா?"

அடுத்த வீட்டு யோகலட்சுமி கேட்டருகே நின்றாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள்; அரைநாள் வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"பெல்ட் மாட்டுதேம்மா."

"காலையில வண்டி கத்தலையே, என்னமோ ஏதோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுது. அதான் வந்தேன்."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று தினமும் காலையில் காரை ஓடவிடுவார். போவதற்கு ஓர் இடமும் இருக்காது. தேய்ந்த பெல்ட் கீச்சென்று கத்தும்.

"தொந்தரவா இருந்துச்சோ?"

"நல்லா கேட்டீங்க! அது கத்துனாத்தான் அண்ணாச்சி எந்திரிச்சிட்டாவன்னு நான் அடுப்பப் பத்தவைப்பேன்."

அவர் ஸ்பேனரின் பிடியைத் துணியால் துடைத்தார். பிறகு அதை அவள் பக்கம் நீட்டினார்.

"இங்கன கொஞ்சம் பிடிக்கியாம்மா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மொத்த பாரத்தையும் போட்டு அழுத்தினாள். வளையல் ரேடியேட்டரில் உரசியது. அவர் பெல்ட்டைக் கடைசிச் சக்கரத்தில் ஏற்றி, அதன் வரிகள் சக்கரத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தனவா என்று தடவிப் பார்த்தார்.

"இப்ப மெல்ல விடு தாயி."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு கீச்சும் இல்லாமல் ஓடியது.

"இப்பிடிச் சத்தமில்லாம ஓடுனா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். கிளம்புகிறவரிடம் 'எங்கே' என்று கேட்கக் கூடாது அல்லவா, அதனால், "தூரமா அண்ணாச்சி?" என்றாள்.

"நாகலாபுரம். சபிதாவுக்குக் கல்லு நடணும்."

அவள் தலை தாழ்ந்தது. கிரீஸ் கையோடு கேட்டை விரியத் திறந்துவிட்டாள்.

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமலே வெளியே போய் வந்தவர், வண்டியை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"போயிட்டு வாரேம்மா."

"வாங்க அண்ணாச்சி. வந்ததும் ஆரன் அடிங்க. முழிச்சிருப்பேன்."