பெயர் கூறவில்லை

வாரிசு சான்றிதழில் இரண்டே பெயர்கள் இருந்தன. மனைவி ரஞ்சிதம், மகள் பூங்குழலி. செத்துப்போன விநாயகத்துக்கு அவ்வளவுதான் வாரிசு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பெயர் விட்டுப்போன இளைய மகள், சின்னவள், அந்தத் தாளை நான்கு நாட்களாகக் கல்லூரிப் பையிலேயே வைத்திருந்தாள். அழவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அப்ப நைனாவுக்கு நான் யாரும்மா?"

ரஞ்சிதம் கையைக் கழுவிவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். தாளின் அடியில் கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து. முத்திரையில் பதவி இருந்தது, ஆள் பெயர் இல்லை. யாருடைய கை தன் மகளை விட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளாமல் தொண்டூர் திரும்புவதில்லை என்று சின்னவளோடு செஞ்சிக்குப் பஸ் ஏறினாள்.

தாலுகா ஆபீஸ் வாசல் பலகையில் அதிகாரிகளின் பெயர், பதவி, போன் நம்பர் எல்லாம் எழுதியிருந்தது. மேல்வரி மட்டும் வெள்ளை பூசி வெறுமையாகக் கிடந்தது. வாசலில் நின்ற உதவியாளர் பீமாராவிடம் ரஞ்சிதம் கேட்டாள்.

"இங்க பெரிய அதிகாரி பேரு இன்னாங்க?"

"மேடம்."

"மேடம்னா அவங்க வூட்ல பேரு வெச்சாங்க?"

மனுவோடு நின்றவர்கள் சிரித்தார்கள். பீமாராவ் குரலைத் தாழ்த்தினார். "அவங்க பேர நான் எப்பிடிம்மா வாயால சொல்றது? வந்த வேலைய சொல்லு."

"கையெழுத்து போட்டது யாருன்னு கேக்க எங்களுக்கு உரிமை இருக்குது சார்" என்றாள் சின்னவள்.

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு பெண் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான்மா. என் பேரு ஜெயசுதா." பிறகு பலகைப் பக்கம் திரும்பினார். "எழுதச் சொல்லி நாலு மாசம் ஆகுது, பீமாராவ்."

"போறவன் வர்றவன்லாம் உங்க பேரச் சொல்லுவான். மனசு வர்லம்மா."

"சொல்லட்டுமே. அதுக்குத்தானே பலகை."

அறைக்குள் கோப்பைப் பிரித்து அவர் மெதுவாகப் படித்தார். கிராம விசாரணையில் எழுதிய வரி ஒன்று இருந்தது. 'இளைய மகள் உண்டு. பெயர் கூறவில்லை.'

"இந்த வரியப் பாக்காம நான் கையெழுத்து போட்டது தப்புதான்" என்றார். "இப்ப சொல்லுங்க, அவங்க பேரு என்ன?"

ரஞ்சிதம் கோப்பிலிருந்த அந்த வரியையே பார்த்தாள். விநாயகத்தின் காரியம் முடிந்த மறுவாரம் நடந்த விசாரணை அது. விசாரிக்க வந்தவர் கேட்டபோது 'பாப்பா' என்றாள். அதெல்லாம் பேராம்மா என்று அவர் சலித்துக்கொண்டதும், அவள் தலையைக் குனிந்துகொண்டதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. ரஞ்சிதம் கண்ணால் பார்த்திராத மாமியாரின் பெயரைத்தான் விநாயகம் இளைய மகளுக்கு வைத்தான். எங்கம்மாவே வந்துட்டா என்று தொட்டிலைச் சுற்றிச்சுற்றி வந்தான். மருமகள் வாயில் அந்தப் பெயர் வரலாமா? பத்தொன்பது வருடமாகப் பாப்பாதான்.

"நான் சொல்லட்டுமா மேடம்?" என்றாள் சின்னவள்.

"மனு போட்டது அம்மா. அவங்கதான் சொல்லணும்."

ஜெயசுதா அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து ரஞ்சிதம், மேசைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். ஜெயசுதா எழுதிக்கொண்டார். மறுபடி விசாரணை வரும், பதினைந்து நாள் ஆகும் என்றார். இருவரும் வெளியே வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் தொண்டூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ரஞ்சிதம் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். தண்ணீர் வாங்கப் போன சின்னவள் கடையோரமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவளுக்குப் பழகிய சொல்தான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"சுந்தராம்பா!"

பூக்காரி திரும்பினாள். கண்டக்டர் திரும்பினார். அம்மாவின் குரலில் தன் பெயரைக் கேட்டே அறியாத சின்னவள் மட்டும், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அசையாமல் நின்றாள். ரஞ்சிதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை மூச்சை இழுத்தாள்.