விடாமல் தடவவும்

மூக்குக்கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளரின் காதோரம் ஃபிரேமைச் சரிசெய்ய அவள் குனிந்தாள். உட்கார்ந்திருந்த அம்மாள் தன் தோளில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

மேலாளர் தனியே கூப்பிட்டார். "தப்பா நினைக்காதம்மா. உன் கறுப்புக் கோட்டு மேல பொடுகு உப்புத் தூவின மாதிரி இருக்கு. நாளையிலேர்ந்து பின்னால லென்ஸ் தேய்க்கிற ரூம்ல இருந்துக்கோ."

"சரி சார்."

ஏழு வருஷம் முன்வரிசையில் நின்றவள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் தோல் டாக்டரிடம் தலையைக் காட்டினாள்.

"என்ன தடவறீங்க?"

"நாத்தனார் காய்ச்சற மூலிகை எண்ணெய். நாலு மாசமா."

"நிறுத்துங்க. எல்லார் தலையிலயும் ஒரு பூஞ்சை இருக்கும். எண்ணெய்ப் பசைதான் அதுக்குத் தீனி. பல பேருக்கு ஒண்ணும் ஆகாது. உங்க தோலுக்கு ஒத்துக்கல. நீங்க தடவத் தடவ அதுக்கு விருந்து." பூஞ்சைக்கான ஷாம்பு ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

வீட்டில், கணவனின் அக்கா புனல் வைத்துப் புட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வியாபாரம் அவளுடையது; வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் போனில் பதில் போடுவது தம்பி மனைவியான இவளின் வேலை. அரிப்பு என்று யார் எழுதினாலும் ஒரே பதில்: 'அழுக்கு வெளியேறுகிறது. விடாமல் தடவவும்.'

அன்றும் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மூணு வாரமா அரிப்பு. புருவத்துலயும் செதில். இன்னும் தடவட்டுமா?'

அவள் விரல் வழக்கமான பதிலுக்குப் போய் நின்றது. பிறகு, 'நிறுத்துங்கள். தோல் டாக்டரைப் பாருங்கள்' என்று அனுப்பினாள்.

எட்டிப் பார்த்த நாத்தனார் புனலைக் கீழே வைத்தாள். "என்னடி இது? என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா? செடியிலேர்ந்து எடுத்தது எப்படிடி கெடுதல் பண்ணும்?"

"அரளியும் செடிதான் அண்ணி."

"வாய் நீளுதே!"

அவள் போனைக் கீழே வைத்தாள். பின்னலை அவிழ்த்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "நீங்களே பாருங்க."

நாத்தனார் வகிடு பிரித்தாள். செதிலுக்கு அடியில் தோல் சிவந்து கிடந்தது. காதுக்குப் பின்னால் வெடித்திருந்தது. விரல்கள் நின்றுவிட்டன.

"ஏன்டி சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன் அண்ணி. இன்னும் கொஞ்சம் தடவுன்னீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "இன்னைக்குக் கடையில என்னைப் பின்னால தள்ளிட்டாங்க."

நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"எழுது. வாங்கின அத்தனை பேருக்கும் அனுப்பு."

"என்னன்னு?"

"இயற்கைன்னு சொல்லிட்டா எல்லார் உடம்புக்கும் ஒத்துக்கும்னு இல்ல. அரிச்சா, செதில் உதிர்ந்தா, உடனே நிறுத்துங்க, டாக்டர்கிட்ட போங்க. விக்கிறவ சொல்றதைவிட உங்க தோல் சொல்றதை நம்புங்க. அப்படியே எழுது."

"வியாபாரம் படுத்துடும் அண்ணி."

"படுக்கட்டும். வீட்டுல இருக்கறவ தலையையே பாக்காம, ஊர்த் தலைக்கெல்லாம் வைத்தியம் சொன்னேனே... அதைவிடவா?"